பகாவ் மண்டபத்தின் கான்கிரீட் குடைகள்: நேர்ப் பலகையில் எழுந்த வளைவு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ் நகரை விட்டு எந்தப் பக்கம் கிளம்பினாலும் சில நிமிடங்களில் செம்பனைக்குள் நுழைந்துவிடுவோம். ரப்பர் காலத்தில் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களில் பல இன்று நகரத்துத் தாமான் குடியிருப்புகளில் வசிக்கின்றன. கல்யாணத்துக்கும் திருவிழா அன்னதானத்துக்கும் அவர்களுக்கென்று ஒரு பொது இடம் வேண்டும் என்று கோயில் நிலத்தில் ஒரு மண்டபம் கட்டினார்கள். அதில் கோயில் தரப்புத் தளப் பொறியாளராக வேலை செய்தேன்.

மண்டபம் முழுவதையும் இங்கே எழுதப்போவதில்லை. முகப்பில் ஒற்றைத் தூணில் நிற்கும் இரண்டு கான்கிரீட் குடைகள், பக்கவாட்டில் வெளிப்புறமாகச் சாய்ந்து நிற்கும் ஒரு சுவர், இவற்றை வார்க்க அடித்த பலகை வேலை, இவ்வளவுதான் இந்த ஆய்வு. மண்டபத்தைப் பார்க்க வருகிறவர்கள் சிமெண்டைப் பற்றிக் கேட்கிறார்கள், கம்பியைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்த வடிவத்தைத் தாங்கிப் பிடித்த பலகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அது கழற்றப்பட்டுப் போய்விட்டது. ஆனால் வளைந்த கான்கிரீட்டில் பணமும் உழைப்பும் ஆபத்தும் அந்தப் பலகையில்தான் இருக்கின்றன. ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ஊரில் உள்ள தச்சர் அதற்கு அச்சு அடிக்க முடியுமா என்பதுதான். கலவையெல்லாம் அப்புறம்.

முதல் வரைபடம் ஏன் மாறியது

கட்டடக் கலைஞர் முதலில் கொண்டுவந்தது அலை அலையாக ஏறி இறங்கும் ஒரு கூரை. கணினித் திரையில் மிக அழகாக இருந்தது. ஆனால் அதில் எந்த இடத்து வளைவும் இன்னோர் இடத்து வளைவோடு ஒத்துப்போகவில்லை. அப்படிப்பட்ட கூரைக்கு அச்சு வேண்டுமென்றால், பெரிய தெர்மாகோல் கட்டிகளைக் கணினி இயக்கும் இயந்திரத்தில் செதுக்கி, மேலே பூச்சுப் பூசி, லாரியில் ஏற்றி, கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து கொண்டுவர வேண்டும். ஒருமுறை வார்த்தபின் அது குப்பைக்குத்தான் போகும். கண்ணாடியிழை அச்சு பல முறை தாங்கும், ஆனால் ஒரே வடிவம் பல முறை வரும்போதுதான் அதன் விலை கட்டுப்படியாகும்.

சாதாரண நேர்க் கட்டடத்திலேயே கான்கிரீட் சட்டகச் செலவில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் ஃபார்ம்வொர்க்குக்கு, அதாவது அச்சுப் பலகை வேலைக்குப் போய்விடும். திரும்பத் திரும்ப வராத வளைவுகளில் அது பாதியைத் தாண்டும். சிட்னி ஒபரா ஹவுஸின் ஓடுகளை, அதாவது சிப்பி ஓடு போன்ற வளைந்த கூரைகளை, எப்படிக் கட்டுவது என்று பல ஆண்டுகள் தடுமாறி, கடைசியில் எல்லா ஓடுகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகளாக மாற்றியதற்குக் காரணமும் இதுதான். ஒரே கோளம் என்றால் ஒரே வகை அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். நம் மண்டபத்துக்கு வந்த பணமோ ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்கள் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்), நூறு வெள்ளியாகக் கொடுத்தது. அதை ஒருமுறை உபயோகித்து எறியும் அச்சில் கொட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. கூட்டத்தில் அதை வெளிப்படையாகவே சொன்னேன்.

அதற்காக நான்கு தூணும் தகரக் கூரையுமாக முடித்துக்கொள்ளவும் யாருக்கும் விருப்பமில்லை. சிரம்பானுக்குப் போய் ஏரிப் பூங்காப் பக்கம் இருக்கும் மாநிலப் பள்ளிவாசலைப் பார்த்துவரலாம் என்றேன். 1967இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் கூரை 9 வளைந்த கான்கிரீட் ஓடுகளால் ஆனது, மாநிலத்தின் பகுதிகளைக் குறிப்பது. வெளியே நின்று பார்த்தபோது மண்டபக் குழுவினருக்குக் காட்ட விரும்பியது ஒன்றே ஒன்று. அந்த ஓடுகளின் வளைவு ஒரு பக்கம் வில், மறுபக்கம் நேர்க்கோடு, இரண்டையும் இணைக்கும் நேர்க்கோடுகளால் உருவாவது. அதாவது வளைவு முழுக்க நேரான மரச்சட்டத்தின் மேல் உட்காரக்கூடியது. நம் நாட்டில் இந்த வித்தையைத் தெரிந்த கைகள் அறுபதுகளிலேயே இருந்திருக்கின்றன.

மெக்சிகோவில் ஃபெலிக்ஸ் கேண்டெலா இதே வழியில்தான் போனார். ஸ்பெயினில் பிறந்து, உள்நாட்டுப் போருக்குப் பின் 1939இல் மெக்சிகோ போய்ச் சேர்ந்தவர். 1958இல் சொச்சிமில்கோவில் அவர் கட்டிய உணவகத்தின் கூரை 4 செ.மீ. அளவே தடிமன் கொண்டது. அவர் கையாண்ட வடிவம் அதிபரவளையப் பரவளையம், சுருக்கமாக ஹைப்பர். பார்க்கக் குதிரைச் சேணம் மாதிரி இரண்டு பக்கமும் வளைந்திருக்கும், ஆனால் அதன் மேல் இரண்டு திசைகளில் நேர்க்கோடு போடலாம். நான்கு ஹைப்பர்களை ஒன்றுசேர்த்தால் தலைகீழ்க் குடை கிடைக்கும். விளிம்பு உயரத்தில், நடு தாழ்வில், மழைநீர் நடுத்தூணுக்குள் இறங்கும். அதையே எடுத்துக்கொண்டோம்.

குடையின் அளவும் அதன் கணக்கும்

ஒவ்வொரு குடையும் 8 மீட்டருக்கு 8 மீட்டர். நான்கு கால்பகுதிகள், ஒவ்வொன்றும் 4 மீட்டர் சதுரம். விளிம்புக்கும் நடுவுக்கும் உள்ள உயர வித்தியாசம் 1 மீட்டர். இந்த 1 மீட்டரை அழகுக்காக மட்டும் வைக்கவில்லை. இந்த அளவில் ஓட்டின் மிகச் செங்குத்தான இடமான தூணோரத்தில் சரிவு 20 பாகைக்கும் சற்றுக் குறைவு. கெட்டியான கலவை அந்தச் சரிவில் வழியாமல் நிற்கும், மேலே இன்னொரு பலகை மூட வேண்டியதில்லை. உயரத்தை 2 மீட்டராக்கியிருந்தால் சரிவு 35 பாகையாகும், மேல்மூடியும் வேண்டியிருக்கும், அச்சு வேலை கிட்டத்தட்ட இரட்டிக்கும். கலைஞர் 1.5 மீட்டர் கேட்டார். இந்தக் கணக்கைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

ஓட்டின் தடிமன் 100 மி.மீ. கேண்டெலா அளவுக்கு மெலியப் போகவில்லை. நம் ஊர் ஈரத்தில் கம்பிக்கு மேல் போதுமான கான்கிரீட் மூடல் இல்லாவிட்டால் துரு சீக்கிரம் வந்துவிடும். ஒரு குடையின் ஓட்டுக்குச் சுமார் 6.5 கன மீட்டர் கான்கிரீட், ஏறத்தாழ 16 டன். கால்பகுதிகள் ஒன்றோடொன்று சேரும் பள்ளக்கோடுகளிலும் விளிம்பிலும் சற்றுத் தடிப்பு தனி.

அச்சு அடிக்க வந்தவர் தோட்டத்தில் பல காலம் மரவேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரிய ஆசாரி. கூடவே அவர் தேர்ந்தெடுத்த இந்தோனேசியத் தொழிலாளர்கள். வரைபடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் தள்ளினார்.

“தம்பி, இந்தத் தாளை வச்சு எனக்கு ஒண்ணும் புரியாது. நூல் இழுத்துக் காட்டு. பலகை நான் அடிக்கிறேன்.”

ஹைப்பருக்கு நூல் இழுப்பது சுலபம். எதிரெதிர் விளிம்புகளைச் சம பாகமாகப் பிரித்து, அந்தந்தப் புள்ளிகளுக்கு நேராக நூல் கட்டினால் வளைவு தானாக வந்து நிற்கும். தரையில் ஒரு கால்பகுதிக்குச் சட்டம் போட்டு நூல் கட்டியதும் ஆசாரி சுற்றிவந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், அப்புறம் சரி என்றார். அன்றோடு வடிவம் பற்றிய பேச்சு முடிந்தது.

மரச்சட்டங்களை 400 மி.மீ. இடைவெளியில் வைத்தோம். வெளிவிளிம்பில் முதல் சட்டம் மட்டமாக இருக்கும், தூண் பக்கத்துப் பள்ளக்கோட்டில் கடைசிச் சட்டம் 4 மீட்டருக்கு 1 மீட்டர் சாய்ந்திருக்கும். எல்லாமே நேரான மரம்தான், சாய்வு மட்டுமே ஒவ்வொன்றுக்கும் வேறு. அவற்றின் மேல் குறுக்காகப் பலகை. இங்கே பிளைவுட் உதவாது. 1.2 மீட்டர் அகலமுள்ள தாள் ஒரு முனையில் மட்டமாகவும் மறுமுனையில் 30 செ.மீ. தூக்கியும் முறுக வேண்டும், அது உடையும் அல்லது எழும்பி நிற்கும். 100 மி.மீ. அகலப் பலகைக்கு அதே முறுக்கு 25 மி.மீ. மட்டும். கையால் அழுத்தி ஆணி அடித்தால் உட்கார்ந்துவிடும். ஆகவே மெராந்தி மரப் பலகை, ஒரு கால்பகுதிக்கு 40.

நூலில் தெரியாத ஒன்று பலகை அடிக்கும்போது தெரிந்தது, இந்த வேலையில் என் மனதில் ஆழமாக நிற்பதும் அதுதான். வெளிவிளிம்பின் நீளம் 4 மீட்டர். பள்ளக்கோடு சரிவில் போவதால் அதன் நீளம் 4.123 மீட்டர். 40 பலகைகளும் ஒரே அகலத்தில் இருந்தால் பள்ளக்கோட்டுப் பக்கம் 12 செ.மீ. வெற்றிடம் விழும். அதனால் ஒவ்வொரு பலகையும் ஒரு முனையில் 100 மி.மீ., மறுமுனையில் 103 மி.மீ. இருக்க வேண்டும். ஹைப்பரின் நல்ல குணம், நாற்பதுக்கும் இதே அளவுதான். ரம்பத்தில் ஒரு சாய்வுக் கட்டை பொருத்தி எல்லாவற்றையும் ஒன்றுபோல அறுத்தோம்.

முதல் பத்துப் பலகை அடித்ததும் ஆசாரி வேலையை நிறுத்தினார். “ரெண்டு முனையும் சரியா உக்காருது. நடுவுல தள்ளுது பாரு.” அளந்தால் நடுவில் 7 மி.மீ. கூடுதல். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி. அகலம் முனையிலிருந்து முனைக்குச் சீராகக் கூடுவதில்லை, பள்ளக்கோட்டை நெருங்க நெருங்கத்தான் வேகமாகக் கூடுகிறது. சீராக அறுத்த பலகை நடுவில் முக்கால் மி.மீ. அளவுக்கு அதிக அகலமாகிவிடுகிறது. நாற்பதில் அது 3 செ.மீ. அவர் இழைப்புளியை எடுத்து ஒவ்வொரு பலகையின் நடுவிலும் ஓரிரு சீவல் எடுத்தார். அவ்வளவுதான், எல்லாம் ஒட்டி உட்கார்ந்தன. இன்று குடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பலகைக் கோடுகள் விளிம்பிலிருந்து பள்ளத்துக்கு ஒரு பிசிறும் இல்லாமல் ஓடுவது தெரியும். அந்தக் கோடுகள் அவர் கை.

முட்டுகளும் வார்ப்பும்

தளத்தின் மண் கொட்டி நிரப்பிய செம்மண். காய்ந்தால் கல், மழை பெய்தால் சேறு. அச்சைத் தாங்கும் இரும்பு முட்டுகளை நேராக மண்ணில் ஊன்ற ஒப்பந்தக்காரர் தரப்பில் அவசரப்பட்டார்கள். நான் விடவில்லை. ஒரு முட்டு 2 செ.மீ. இறங்கினாலும் அந்த இடத்து நேர்க்கோடு உடைந்துபோகும், வளைவில் அது கண்ணில் குத்தும். மண்ணை இறுக்கி, மேலே மெல்லிய கான்கிரீட் போட்டு, அதன்மேல் தடித்த பலகை வைத்த பிறகே முட்டு ஏறியது. குறுக்குப் பிணைப்புகளும் முழுவதும் போட்டோம். சாய்ந்த தளத்தில் ஊற்றும் கான்கிரீட் கீழ்நோக்கி மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். முட்டு வேலை சரிவதில் பல நேரம் காரணமாவது இந்தப் பக்கவாட்டுத் தள்ளல், செங்குத்துச் சுமை மட்டும் அல்ல. முட்டு வரைபடத்தில் பதிவுபெற்ற பொறியாளரின் கையெழுத்து வாங்காமல் வார்ப்புக்குத் தேதி கொடுக்கவில்லை.

நான்கு வெளி மூலைகளையும் வரைபட உயரத்தைவிட 20 மி.மீ. தூக்கி வைத்தோம், முட்டு எடுத்ததும் இறங்கும் அளவையும் போகப்போக இறங்கும் அளவையும் சேர்த்து.

பிற்பகல் மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்பதால் விடிகாலையில் ஆரம்பித்தோம். பலகையை முந்தின நாள் மாலையிலேயே நனைத்துவைத்திருந்தோம், இடுக்குகள் ஊறி மூடிக்கொள்ளும். கலவை கெட்டியானது, கிரேனில் தொட்டி கட்டித் தூக்கினோம். நடுத்தூணில் தொடங்கி நான்கு கால்பகுதிக்கும் சமமாக வெளியே போக வேண்டும், ஒரு பக்கம் மட்டும் முன்னேறினால் ஒற்றைத் தூண் குடை சாயப் பார்க்கும். தொட்டியின் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஆசாரி கீழிருந்து “பெலான், பெலான்” (மெதுவாக, மெதுவாக) என்று மலாயில் கத்திக்கொண்டே இருந்தார். மேற்பரப்பை மட்டம் செய்யவும் ஹைப்பர் கைகொடுத்தது, நேரான அலுமினியச் சட்டத்தை அந்தக் கோடுகளின் வழியே இழுத்தால் போதும். பிறகு ஈரச் சாக்கு போட்டு 7 நாள் தண்ணீர் ஊற்றினோம்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூணுக்குள் 150 மி.மீ. குழாய் இறங்குகிறது. கோயிலின் அரசமரம் பக்கத்தில் இருக்கிறது, இலை வந்து அடைக்கும். குழாய் முழுதாக அடைபட்டு விளிம்புவரை நீர் நின்றால் அதன் சராசரி ஆழம் 25 செ.மீ., மொத்தம் 16 டன், அதாவது ஓட்டின் எடைக்குச் சமம். வலைமூடி மட்டும் போதாது என்று, பள்ளக்கோட்டில் தூணிலிருந்து 1 மீட்டர் தள்ளி ஓட்டைத் துளைத்து வெளியேறும் உபரிக் குழாய் வைத்தோம். அதில் தண்ணீர் கொட்டினால் நடுக்குழாய் அடைந்திருக்கிறது என்று கோயில் காவலருக்கே தெரிந்துவிடும். இந்தத் துளைக்கான கட்டையைப் பலகை அடிக்கும்போதே வைத்தாக வேண்டும். வார்த்தபின் 100 மி.மீ. ஓட்டில் துளையிட்டால் கம்பியை வெட்டிவிடுவோம்.

சாய்ந்த சுவர்

சுவர் 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 250 மி.மீ. தடிமன், வெளிப்புறமாக 12 பாகை சாய்வு. வெளிமுகத்தில் மரப்பலகையின் ரேகை பதிய வேண்டும் என்பது கலைஞரின் ஆசை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1966இல் எழுந்த துங்கு சான்சலர் மண்டபத்தில் அப்படிப்பட்ட பலகைத் தடம் பதிந்த கான்கிரீட்டைப் பார்க்கலாம். நம் சுவரில் ரப்பர் மரத்தின் ரேகை வேண்டும் என்றார். ஊர்க்காரர்களுக்கு அது பிடித்துவிட்டது. பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களின் மண்டபமாயிற்றே.

மாதிரிக்கு ஒரு சிறு சுவர் வார்த்துப் பார்த்தோம். பலகையைக் கழற்றினால் மேற்பரப்பு விரலில் மாவாக ஒட்டியது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். பூச்சி அதை விரும்பித் துளைப்பதற்கும் அதுவே காரணம். சர்க்கரை சிமெண்டு இறுகுவதைத் தடுக்கும், பலகையிலிருந்து ஊறிய கொஞ்சம் போதும், மேல்தோல் இறுகாமல் நின்றுவிடும். நல்லவேளையாக, ஒரு தோட்டத்தில் இடிபட்ட பழைய லயத்து வீடுகளின் பலகை கிடைத்தது. பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்து சத்தெல்லாம் வடிந்துபோன மரம், ரேகை நன்றாக எழும்பி நின்றது. பெயிண்டு அடித்த பக்கத்தைத் தேய்க்கவில்லை, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உட்புற முகத்தைக் கம்பித் தூரிகையால் மட்டும் தேய்த்தோம். முதல்முறை பயன்படுத்துவதற்கு முன் சிமெண்டுப் பால் பூசிக் காயவிட்டுக் கழுவினோம். பலகைகளை 18 மி.மீ. பிளைவுட்டின் மேல் அடித்ததால் இடுக்கு வழியே பால் ஒழுகவில்லை. இரண்டாவது மாதிரி கெட்டியாக வந்தது. என் கருத்தில் ரப்பரைவிட லயத்துப் பலகைதான் இந்தச் சுவருக்கு இன்னும் பொருத்தம். அதன் ஆணித் துளைகள்கூடச் சுவரில் தெரிகின்றன.

சாய்வும் ஒரு விதத்தில் நல்லதாகவே அமைந்தது. சாய்ந்த சுவரில் காற்றுக் குமிழ்கள் மேல்நோக்கிப் போய் மேற்பலகையின் அடியில் சிக்கும், பொத்தல்கள் அந்த முகத்தில்தான் அதிகம் விழும். நமக்கு அது உட்பக்கம், பூச்சுப் பூசப்போகும் பக்கம். வெளிமுகம் கீழ்நோக்கி இருப்பதால் வார்ப்பும் சுத்தமாக வந்தது, மழை நேரடியாக அடிக்காததால் பாசியும் குறைவாகவே பிடிக்கும். ஆனால் ஆபத்தும் அந்தச் சாய்வில்தான். சுவரின் 18 டன் எடையின் மையம் அடியிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் வெளியே தள்ளி இருக்கிறது. இரு பலகைகளையும் பிணைக்கும் கம்பிகள் உள்ளழுத்தத்தைத்தான் தாங்கும், மொத்தமும் சாய்வதைத் தடுக்காது. அதற்கு வெளிப்பக்கம் சாய்முட்டுகள், உட்பக்கம் தரையோடு இழுத்துக் கட்டிய நங்கூரக் கம்பிகள், இரண்டும் போட்டோம்.

ஊற்றும் வேகத்தில்தான் தகராறு வந்தது. சுவருக்கு 7.5 கன மீட்டர், ஒரே லாரியில் வரும். இருபது நிமிடத்தில் கொட்டிவிடலாம் என்று கலவை கொண்டுவந்த தரப்பு சொன்னது. பிரிட்டனின் கட்டுமான ஆய்வு அமைப்பான சி.ஐ.ஆர்.ஐ.ஏ. 1985இல் வெளியிட்ட 108ஆம் அறிக்கையின் கணக்கு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. சுவரில் கலவை மணிக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறதோ அதன் வர்க்கமூலம் அளவு ஆழத்துக்குக் கலவை முழுத் திரவமாகவே அழுத்தும். இருபது நிமிடத்தில் 3 மீட்டர் என்றால் மணிக்கு 9 மீட்டர், வர்க்கமூலம் 3. அதாவது முழு உயரமும் திரவம், அடியில் சதுர மீட்டருக்கு 7 டன்னுக்கு மேல். மணிக்கு 1.5 மீட்டராக ஏற்றினால், நம் ஊர் வெப்பத்தில், லாரிப் பயணத்துக்காகச் சேர்த்த இறுகல் தாமதிப்பானையும் கணக்கில் எடுத்தாலும், 4 டன்னுக்குள் நிற்கும். பலகையும் பிணைப்புக் கம்பியும் அந்த 4 டன்னுக்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. அரை லாரி, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு அரை லாரி என்று வாங்கினோம். அரைச் சுமைக்குக் கூடுதல் கட்டணம் கேட்டார்கள், கொடுத்தோம். பலகையில் உயரத்தைக் குறித்து, அரை மீட்டர் அடுக்காக ஏற்றினோம். கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் பலகையைத் தொடாமலும் முந்தின அடுக்குக்குள் ஒரு சாண் இறங்குமாறும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்தினோம். பலகை எங்கும் பிதுங்கவில்லை. ஒரு மூலையில், அடிப்பகுதியில் மட்டும் சிமெண்டுப் பால் ஒழுகிச் சரளை தெரிந்தது. அந்த இடத்தைப் பிறகு வெட்டி அடைத்தார்கள், நிறம் இன்னும் சற்று வேறாகத்தான் இருக்கிறது.

முட்டு எடுத்தது

அதே கலவையில் வார்த்த கனசதுர மாதிரிகள் சோதனையில் தேவையான வலிமையைக் காட்டிய பிறகே குடையின் முட்டைத் தொட்டோம். குடை நாலாபுறமும் தொங்கும் ஓடு என்பதால் வெளிமூலையில் ஆரம்பித்துத் தூணை நோக்கி வர வேண்டும். தூண் பக்கம் முதலில் எடுத்தால் ஓடு மூலை முட்டுகளின் மேல் படுத்துக்கொள்ளும், கம்பி இல்லாத பக்கம் இழுவை வரும். நான்கு மூலைகளிலும் ஒரே நேரத்தில் திருகைச் சிறிது இறக்கி, அளந்து, மறுபடி இறக்கி, இப்படிச் சுற்றுச் சுற்றாகப் போனோம். முடிவில் மூலைகள் 6 முதல் 8 மி.மீ. இறங்கியிருந்தன, தூக்கி வைத்த 20இல் மீதி பின்னாளுக்கு. பள்ளக்கோட்டின் மேற்புறம் மயிரிழை வெடிப்புகள் சில தெரிந்தன, அவற்றின் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு போட்டாயிற்று.

கால்பகுதி அச்சுகளைத் தனித்தனிச் சட்டமாகக் கழற்றும்படி ஆசாரி ஆரம்பத்திலேயே போல்ட் போட்டு அடித்திருந்தார். இரண்டாவது குடைக்கு அதே அச்சு நகர்ந்தது, புதிதாக வாங்கியது விளிம்புப் பலகைகள் மட்டும். அதன் அடிப்பரப்பு முதல் குடையைவிட வெளிறி இருக்கிறது. முதல்முறை பலகை நீரை உறிஞ்சியதால் மேல்தோல் கருத்தது, இரண்டாம் முறை பலகையின் துளைகள் அடைபட்டிருந்ததால் உறிஞ்சல் குறைந்தது. இரண்டும் அருகருகே நிற்பதால் வித்தியாசம் தெரிகிறது. பூச்சுப் பூசி ஒன்றாக்கலாம் என்ற யோசனை வந்தது, வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அச்சு இப்போது கோயில் பின்கொட்டகையில் தரையிலிருந்து உயர்த்தி அடுக்கியிருக்கிறது. வாகன நிறுத்தத்துக்கு மூன்றாவது குடை போட வேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது. அதற்கு முன் பள்ளக்கோட்டுப் பலகைகளை மாற்ற வேண்டும், ஆணித் துளைகளை அடைக்க வேண்டும், மூலைத் தூக்கலை 20இலிருந்து 15 மி.மீ. ஆக்கலாம். மெராந்தி வாங்கும் பட்டியலை ஆசாரியே எழுதிக் கொடுத்துவிட்டார்.